பெயரா? உறுதியா?

பழைய பந்தய மோட்டார் சைக்கிளைக் கட்டி எழுப்ப விரும்புவோர் முதலில் விலை கேட்பது எஞ்சினையே. நாமும் அவ்வாறே செய்தோம்; செய்து அறிவு பெற்றோம். அவ்வறிவுக்கு நாம் கொடுத்த விலையை வாசகர்களும் கொடுக்க வேண்டாமென்றே இதனை எழுதுகின்றோம்.

நாம் தொழில் நிமித்தம் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், நண்பர் ஒருவரின் கொட்டகையில் ‘டிரைட்டன்’ வண்டியொன்றைக் கட்ட முற்பட்டோம். டிரையம்ப் எஞ்சினை நார்ட்டன் பிரேமில் பொருத்தியதனால், இரு பெயர்களும் கலந்து பிறந்த பெயர் அது. பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்கன்ட்லெஸ் வகுத்த ‘பெதர்பெட்’ பிரேமை நார்ட்டன் 1950-ஆம் ஆண்டில் பந்தயத்தில் இறக்கிற்று. அவ்வாண்டே மான் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெப் டியூக் அதன்மீதமர்ந்து வென்றார். வளைவுகளில் நிலைகுலையாதது அப்பிரேம். சிறு பந்தயக் கார் கட்டியோர் நார்ட்டன் வண்டிகளை வாங்கி, எஞ்சினை மட்டும் கழற்றிக் கொண்டனர். எஞ்சின் இழந்து மிஞ்சிய பிரேம்களில் டிரையம்பின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் குடியேறிற்று.

நமது வண்டியை ஓட்டவிருந்தவன் நண்பரின் மகன். ஆயினும் நாம் நாடியது என்ன? 1959-இல் வெளிவந்த போனவில் வகையின் 649 சி.சி. எஞ்சின், உயர் அழுத்தப் பிஸ்டன்கள், புதிய கார்புரேட்டர்கள் இரண்டு. கைப்பணம் பெரும்பாலும் கரைந்தது. எஞ்சிய தொகைக்குக் கருஞ்சாயம் பளபளக்கும் பிரேம் ஒன்று அகப்பட்டது. “பந்தயம் கண்டது” என்றார் விற்றவர். சாயத்தை நம்பினோம்.

சக்கரங்களை மாட்டி, பின் சக்கரத்தின் இருபுறமும் முன்னோக்கி நூல் பிடித்தோம். முன் சக்கரத்தின் இருபுறமும் இடைவெளி ஒத்திருக்க வேண்டும், ஒத்திருக்கவில்லை. முன் கவை நேரானதென்பதை முன்னரே சோதித்திருந்தோம். ஆகவே பிரேமின் கழுத்தருகே சுரண்டினோம். சாயத்தின் கீழே களிம்பு. களிம்பின் கீழே மயிரிழை போன்ற விரிசல்! விளக்குப் பிடித்து நின்ற பையன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மௌனமே நம்மைக் கேள்வி கேட்டது.

எஞ்சின் பழுதானால் பெரும்பாலும் வண்டி ஓரத்தில் நிற்கும். பிரேமின் கழுத்து முறிந்தால் ஓட்டுபவன் எங்கே நிற்பான்? மேலும், டிரையம்பின் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குபவை. நடுக்கம் அதன் உடன்பிறப்பு. அந்நடுக்கம் இடைவிடாது தாக்க, விரிசல் வளர்ந்துகொண்டேயிருக்கும்.

“மீண்டும் சாயம் பூசி விற்றுவிடலாமே!” என்றார் நண்பர். ஒரு கணம் நமக்கும் அந்நினைவு இனித்தது, அதனை மறைப்பானேன்? ஆனால் அதனை வாங்குபவனும் ஒரு வீட்டுப் பிள்ளையன்றோ? இரும்பு வாளெடுத்து அதனை இரண்டாக அறுத்தோம்.

உயர் அழுத்தப் பிஸ்டன்களையும் கார்புரேட்டர்களையும் விற்றோம். சாயமுதிர்ந்த சாலை வண்டிப் பிரேம் ஒன்றை, இம்முறை நூல் பிடித்துப் பார்த்தே வாங்கினோம். எஞ்சினுக்குச் சாதாரணப் பிஸ்டன்களே போதுமென்று கொண்டோம். எஞ்சினைத் தாங்கும் தகடுகளை இடைவெளியின்றிப் பொருத்தி, சங்கிலி நேராக ஓடுமாறு பல்சக்கரங்களை ஒரே கோட்டில் நிறுத்தினோம்.

பையன் முதற் பந்தயத்தில் பரிசு பெறவில்லை; பின்வரிசையிலேயே வந்தான். ஆனால் எண்ணெய் படிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு வந்தான். அன்று அதனினும் பெரிய பரிசை நாம் வேண்டவில்லை.