கையெழுத்துப் போடாத கணக்குப்பிள்ளை

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் நான் கணக்கு அதிகாரி. டாக்டரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அங்கே பேப்பர் கப்கூட வாங்க முடியாது. அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டுதான், மெத் (மெத்தம்பெட்டமைன்) பழக்கத்துக்கு இருப்பதிலேயே நன்றாகப் பலன் தரும் சிகிச்சையை எங்கள் மையத்துக்குள் நுழையவிடாமல் வைத்திருந்தேன். சட்டம் தடுக்கிறது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். தடுத்தது என் வயிற்றெரிச்சல்.

ஹெராயின்காரருக்கு மெத்தடோன் உண்டு, புப்ரெனார்ஃபின் உண்டு. மெத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. 2021-இல் நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோப்பியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வந்தது. பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 2.5. சந்தோஷப்பட அவ்வளவுதான் இருந்தது. மிச்சம், உட்கார்ந்து பேசுவது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1980-களில் உருவான மேட்ரிக்ஸ் முறையை எட்டு இடங்களில் 978 பேரிடம் சோதித்தார்கள். சிகிச்சை நடக்கும்வரை வழக்கமான முறையைவிட மேல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நான் நுழையவிடாமல் வைத்திருந்த பரிசு முறை வேறு. 1990-களின் தொடக்கத்தில் வெர்மான்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களிடம் செய்து காட்டியது. சிறுநீர்ச் சோதனை சுத்தமா, உடனே பரிசு. அடுத்த தடவையும் சுத்தமா, பரிசு கொஞ்சம் கூடும். தவறினால் திட்டு கிடையாது. தொகை மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கும். நான்சி பெட்ரி அதையே மலிவாக்கினார். ஒரு குடுவையில் 500 சீட்டு. பாதியில் 'சபாஷ்' மட்டும்தான் இருக்கும். மீதியில் பெரும்பாலும் ஒரு டாலர் சாமான், சிலவற்றில் 20 டாலர், ஒரே ஒரு சீட்டில் பெரும் பரிசு. என்றைக்கோ வரப்போகும் நல்ல வாழ்க்கை மெத் பிடித்த மூளைக்கு எட்டாது. இப்போது கையில் விழுவது எட்டும். 50 ஆய்வுகளை ஒப்பிட்டு 2018-இல் வந்த கட்டுரையிலும், இந்தப் பரிசு முறையும் சமூக ஆதரவுப் பயிற்சியும் சேர்ந்ததுதான் முதலிடம் பிடித்தது.

பரிசு முறை பற்றிய இதையெல்லாம் 2019-இலேயே ஒரு பக்கத்தில் எழுதி என் மேஜையில் வைத்தார் எங்கள் சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர். நர்ஸாக இருந்து மேலே வந்த அம்மாள்.

“நோயாளிக்குக் காசு கொடுத்தால் மத்திய அரசு அதை லஞ்சம் என்று சொல்லும்” என்றேன். முழுப் பொய் இல்லை. அன்பளிப்பு காட்டி மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளை இழுப்பதைத் தடுக்கச் சட்டம் உண்டு. வருடத்துக்கு 75 டாலர் என்று ஒரு வரம்பும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதலே இதைச் செய்துவருவதை நான் படித்திருந்தேன். வக்கீலிடம் கருத்துக் கேட்கலாமே என்றார். பட்ஜெட்டில் இடமில்லை என்றேன். சரி, அந்த 75-க்குள்ளேயே செய்வோம் என்றார். தணிக்கையில் கேள்வி வரும் என்றேன். அந்த நிதியாண்டு முடிவில் மிஞ்சிய பணத்தில் வரவேற்பறைக்குப் புதுக் கம்பளம் போட்டோம். அதைப் பற்றி எந்தத் தணிக்கையாளரும் வாய் திறக்கவில்லை.

உள்ளே ஓடியது இதுதான்: கடன் வாங்கிப் படித்து, இந்த ஊருக்கு வந்து, ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போகிறேனே, ஒழுங்காக இருந்ததற்கு எனக்கு யார் பரிசு கார்டு கொடுத்தார்கள்? இந்த மெத்காரனுக்கு மட்டும் எதற்கு? கார்டை விற்று போதைப்பொருளையே மறுபடி வாங்கமாட்டானா? (பரிசு வாங்கியவர்கள் அதனால் போதையைக் கூட்டியதாக ஆய்வுகள் காட்டவில்லை. தேடிப் பார்க்க எனக்குத்தான் மனமில்லை.)

யார் கொடுத்தார்கள் என்றா கேட்டேன்? இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. தினம் இத்தனை ஆயிரம் அடி நடந்தால் மாதக் கடைசியில் கார்டு. “ஏங்க, உங்க கொலஸ்ட்ராலுக்கு நீங்க நடக்கறதுக்கு அவன் எதுக்குக் காசு தரான்?” என்று கேட்டாள் என் மனைவி. ஆஸ்பத்திரிச் செலவோடு பார்த்தால் அவனுக்கு இது லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சேர்ந்த கார்டில் ஒரு குக்கர் வாங்கினோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் வாஷிங்டனிலிருந்து வந்த பணம் ஓபியாய்டுக்கு (ஹெராயின் வகைப் போதைக்கு) என்று முத்திரை குத்தி வந்தது. எங்கள் வாசலில் நின்றதோ மெத்காரர்கள். 2020-இல் அந்த மானியத்தை மெத், கொக்கெய்ன் சிகிச்சைக்கும் செலவழிக்கலாம் என்று தளர்த்தினார்கள். அந்த அறிவிப்பு என் மேஜைக்குத்தான் வந்தது. அந்த அம்மாளிடம் நான் காட்டவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரியும், கேட்பதற்கு?

2021 அக்டோபரில் பரிசு முறைக்கான மாநில மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். எனக்கு ஒரே குஷி. டிசம்பரிலேயே வேறு வழியாக மத்திய அரசின் அனுமதி வந்துவிட்டது; 2023-இல் மெடி-கால் (கலிஃபோர்னியாவின் மெடிக்கெய்ட்) மூலம் திட்டம் ஆரம்பமானது. 24 வாரம். ஒருவருக்கு வருடத்தில் 599 டாலருக்கு மேல் இல்லை. அப்போது 600 ஆனால் வரிப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு டாலரைக் குறைத்தவன் நிச்சயம் என் ஜாதிதான்.

திட்டம் எங்கள் மையத்துக்கும் வந்த பிறகு, கார்டு இருப்பைச் சரிபார்க்க ஒருநாள் கவுன்டர் பக்கம் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முன்பல் இல்லை. சோதனை சுத்தம். முதல் கார்டு, 10 டாலர். சாராயமும் சிகரெட்டும் வாங்க முடியாது என்று கவுன்டரில் இருந்த பெண் விதியைப் படிக்க, அவர் குறுக்கிட்டு, “சாக்ஸ் வாங்கலாமா?” என்றார். வாங்கலாம். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பரிசு நின்றால் பலன் மெல்லத் தேய்கிறது, அது உண்மை. கூட்டங்களில் அதைத்தான் எடுத்து வீசினேன். மேட்ரிக்ஸ் மேல் அதே குறையை ஒருநாளும் வீசியதில்லை. அதற்குத்தான் மாதாமாதம் பில் போட்டுக்கொண்டிருந்தேனே.

அந்த அம்மாள் திட்டம் வருவதற்கு முன்பே வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். 2019-க்கும் 2023-க்கும் நடுவில் 'வருவதை நிறுத்திவிட்டார்' என்று எழுதி மூடிய கோப்புகள் எங்கள் கணினியில் இருக்கின்றன. அவர்களில் யார் தங்கியிருப்பார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த மானிய அறிவிப்பைப் பற்றி அந்த அம்மாளுக்கு நான் இன்னும் எழுதவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கவுன்சிலர்களின் ஓவர்டைம் சீட்டில் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கார்டு பட்டியலை மட்டும் இன்றைக்கும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன்.