ஒண்டாட்ஜேயும் எங்கள் ஆயாவும்

புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு டச்சுக்காரர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் தூத்துக்குடி 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து அவர்கள் கைக்குப் போனது. நடுவில் ஆங்கிலேயரிடம் மாறி மாறிப் போய்வந்து, 1825-ல்தான் ஒரேயடியாகக் கைமாறியது. 1750-ல் அவர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது. டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகள் வி.ஓ.சி. அதே மூன்று எழுத்துக்காரர் ஒருவர் பின்னாளில் அதே ஊரிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டார்!

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனபோது அந்த ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரு குடும்பத்தின் நினைவாகவே இருந்தது.

‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ நாவலுக்காக 1992-ல் புக்கர் பரிசு வாங்கிய மைக்கேல் ஒண்டாட்ஜேயைப் பலர் அறிவீர்கள். 1943-ல் கொழும்பில் பிறந்தவர். இலங்கையில் டச்சுக்காரர் வழிவந்தவர்களைப் பறங்கியர் என்பார்கள். அவருடைய குடும்பமும் அப்படித்தான் அறியப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தின் முதல் ஆள் டச்சுக்காரர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ் வைத்தியர்!

டச்சுக்காரர்கள் கொழும்பைப் பிடித்தது 1656-ல். மூன்று வருஷம் கழித்து, ஆளுநர் வீட்டாருக்கு வைத்தியம் பார்க்க அவர் அழைக்கப்பட்டதாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. அங்கேயே தங்கி, கிறிஸ்தவராகி, கல்யாணமும் செய்துகொண்டார். அவருடைய தமிழ்ப் பெயர் டச்சு எழுத்துக்கூட்டலில் ‘ஒண்டாட்ஜே’ ஆகிவிட்டது. நாவலாசிரியரோ தன் குடும்பக் கதைப் புத்தகத்தில் மூதாதை வந்த வருஷம் 1600 என்று எழுதியிருக்கிறார். டச்சுக் கம்பெனி பிறந்ததே 1602-ல்தான். நாவலாசிரியருக்கு அது பரவாயில்லை. எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள்தான் பென்சிலை எடுத்து ஓரத்தில் கேள்விக்குறி போடுவோம்.

இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் குவின்ட் ஒண்டாட்ஜே. 1758-ல் கொழும்பில் பிறந்தார். அப்பா அங்கே பாதிரியார். பையன் ஹாலந்துக்குப் படிக்கப் போய், உட்ரெக்ட் நகரில் மக்களாட்சி கேட்ட தேசபக்தர் கட்சிக்குத் தலைவர்களில் ஒருவரானார். 1787-ல் பிரஷ்யப் படை உள்ளே வந்தது. அவர் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் படை வந்த 1795-க்குப் பிறகு திரும்பினார். 1818-ல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். தஞ்சாவூர் வைத்தியரின் வம்சத்துப் பிள்ளை, பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே ஐரோப்பாவில் அரசுக்கு எதிராக நின்றிருக்கிறார்!

‘குவின்ட்’ என்பது எங்கிருந்து வந்தது? அவருடைய அம்மா ஹெர்மினா குவின்ட், ஆம்ஸ்டர்டாம்காரி. அம்மாவின் குடும்பப் பெயர்தான் மகனுக்கு முன்பெயர் ஆனது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. வம்சாவளி எழுதுகிறவர்கள் எப்போதும் அப்பா, அப்பாவுக்கு அப்பா என்றுதான் போவார்கள். இந்தக் குடும்பத்தில் அப்படிப் போனால் நேரே தஞ்சாவூரில் போய் நிற்போம். இவர்களுடைய டச்சு இரத்தம் முழுவதும் அம்மாக்கள் கொண்டுவந்தது. வரிசையில் வராத பெண்களால்தான் அது டச்சுக் குடும்பம் ஆனது.

கொழும்பில் 1908-ல் டச்சுப் பறங்கியர் சங்கம் தொடங்கினார்கள். அதன் இதழில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டார்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின், பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அது வெள்ளையருக்கு மட்டும் கதவு திறந்த காலம். உன் மூதாதையர் ஐரோப்பியர்தானா என்று கேட்டபோது, பெருமைக்காக எழுதிய பட்டியல் அத்தாட்சிப் பத்திரமாகிவிட்டது.

இந்த விஷயம் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தந்தார்கள். ‘ஒப்சியோன்’ என்போம். நான் அப்போது பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. பின்னாளில் அரசாங்க உத்தியோகத்தில், பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுப்பதே என் வேலையாயிற்று. தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பேரன் பாரீஸ் போக முடியாது. எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் கண்கலங்கி நின்றிருக்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்த சூட்டோடு எங்கள் குடும்ப மரத்தையும் ஒரு பெரிய தாளில் வரைந்தேன். ஐந்து தலைமுறை. என் மனைவி புளியங்குடிக்காரி. பணி ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இங்கே வந்ததே அவளால்தான். காப்பியை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல பொம்பளைங்க ஒருத்தரையும் காணலியே? உங்க அப்பாவைப் பெத்த ஆச்சி பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. ஆயா என்றுதான் கூப்பிட்டோம். ஊரும் அவரை ‘பெரிய வீட்டு ஆயா’ என்றே சொன்னது. ஊரார் பாட்டிகளின் பெயரையெல்லாம் முப்பது வருஷம் அழகான கையெழுத்தில் பிரதி எடுத்தவன், சொந்த ஆயாவின் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைக் கிளறி அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்தேன். முன்பு அதில் தேதியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் பதிவில் அப்பா பெயரோடு அம்மா பெயரும் கட்டாயம் இருக்கும். இருந்தது. அலமேலு. கடைசி ‘லு’வுக்குப் பிரெஞ்சு வழக்கப்படி ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டிருந்தார் அந்தக் குமாஸ்தா.

மரத்தில் தமிழில் எழுதிச் சேர்த்தேன். இடம் போதவில்லை. மனைவி இன்னொரு தாளைக் கொண்டுவந்து, “இதையும் சேர்த்து ஒட்டுங்க. எங்கம்மா பேரையும் எழுதணும்ல?” என்றாள்.