வண்டி போயிடுச்சுன்னா?

திருச்சியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிப்பதற்கே இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் பிளாட்பாரத்தில் உட்காருகிறவர் என் கணவர். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல்காரருக்கு அடுத்தபடியாக நாங்கள்தான் நிற்போம். டாக்டர் வருவதற்கு முன்பே கிளினிக் வாசலில் முதல் டோக்கனோடு இருப்போம். அதனால், "சிங்கப்பூர்ல 13 மணி நேரம் காத்திருக்கணும்ப்பா, அந்த டிக்கெட்தான் விலை குறைச்சல்" என்று மெல்போர்னிலிருந்து மகள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"நல்லதாப் போச்சு. அவசரமே இல்லாம ஏறலாம்" என்றார்.

மகளுக்கு 36 வயது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம். சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

மகளின் கணக்கு வேறு. "13 மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்காதீங்கம்மா, வெளியே போய் ஊரைப் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் பாடமே நடத்தினாள். இந்திய பாஸ்போர்ட்காரர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆனால், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும் அடுத்த விமானத்துக்கான டிக்கெட்டும் கையில் இருந்தால், வழியில் இறங்கி 96 மணி நேரம் வரை விசா இல்லாமலேயே தங்கலாமாம். அனுமதிப்பது குடிநுழைவு அதிகாரியின் முடிவு. வருகை அட்டையை மட்டும் முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதையும் அவளே நிரப்பிவிட்டாள். பெட்டிகள் நேராக மெல்போர்னுக்குப் போய்விடும். கையை வீசிக்கொண்டு கிளம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். இவர் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, ஒரு நாலு மணி நேரம் போயிட்டு வந்துடலாங்க."

"வெளியே போய் ஏதாவது ஆகி, வண்டி போயிடுச்சுன்னா?" விமானமும் அவருக்கு வண்டிதான்.

"ராத்திரி எட்டரைக்குத்தானே வண்டி?"

"நீ வேணா போ."

கோபத்தில் சொன்னார். நானும் கோபத்தில்தான் எழுந்தேன். கல்யாணமாகி 38 வருஷத்தில் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் மதுரை. பத்தடி நடப்பதற்குள் கால் பின்வாங்கியது. திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். விமானத்தின் எண், நேரம், மகளின் போன் நம்பர், அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அடையாளம் எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தது. கீழே கோடு போட்டு, 'மாலை 4 மணிக்குள்'.

குடிநுழைவைத் தாண்டியதும் நடுக்கம் பாதி குறைந்தது. காரணம், தமிழ். அந்த நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. அறிவிப்புப் பலகையில் நம் எழுத்தைப் பார்த்ததும், கூட்டத்தில் சொந்தக்காரர் முகம் தெரிந்ததுபோல இருந்தது. விமான நிலையத்துக்கு அடியிலேயே எம்.ஆர்.டி. ரயில். அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் மாறினால், டவுன்டவுன் லைன் நேராக சைனாடவுன் போகிறது. டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மகள் சொன்னபடி வங்கி அட்டையைத் தொட்டேன், கதவு திறந்தது.

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு என்று ஒரு தெரு. அதில் சூலியா முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல், சில அடி தள்ளி ஸ்ரீ மாரியம்மன் கோயில், அதே தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் புத்தர் கோயில். சீனக் கடைகளுக்கு நடுவே கோபுரத்தைப் பார்த்ததும் கைகள் தானாகக் குவிந்தன.

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. 1819-ல் ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல் இதை நிறுவினார். அப்போது மரமும் கூரையுமாகத்தான் இருந்ததாம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்கள், வேலை கிடைத்து ஓர் இடம் அமையும்வரை தங்கிக்கொள்ள இந்தக் கோயில்தான் இடம் கொடுத்ததாம். சமயபுரத்தாள் கடல் தாண்டியும் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடி மகள் பெயரைச் சொன்னேன். கண்ணீர் வந்துவிட்டது.

"ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான். முப்பது வயதுக்குள் இருக்கும். மன்னார்குடிப் பக்கம். கட்டட வேலை. ஞாயிறு லீவு என்பதால் கோயிலுக்கு வந்திருக்கிறான். மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்றேன். போனை எடுத்துக் காட்டினான். இரண்டு பல் தெரியச் சிரிக்கும் பெண் குழந்தை.

"ஒன்றரை வயசாகுதும்மா. இன்னும் நேர்ல பார்க்கலை. பொறந்தப்போ மேல் மாடியில கான்கிரீட் போட்டுட்டிருந்தோம். ராத்திரி ரூமுக்குப் போய்த்தான் வீடியோவுல பார்த்தேன். தையில போகணும்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. கைப்பையைத் திறந்து, சமயபுரம் குங்குமத்தில் பாதியைப் பிரித்து ஒரு தாளில் மடித்துக் கொடுத்தேன். பையில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"ஐயா வரலையாம்மா?"

"ஏர்போர்ட்ல உட்கார்ந்திருக்காருப்பா, வண்டி போயிடுமாம்."

"எங்கப்பாவும் இப்படித்தாம்மா" என்று சிரித்தவன், வாசல்வரை வந்து வழி சொன்னான். "ஆத்தங்கரையோரமாவே நடங்க. சிங்கம் வந்துடும்."

சிங்கப்பூர் ஆற்றின் ஓரமாகவே நடந்தேன். ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகள் ஹோட்டல்களாகியிருக்கின்றன, அவற்றின் முதுகுக்குப் பின்னால் வானத்தை மறைக்கும் வங்கிக் கட்டடங்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழைபோல இருட்டிக்கொண்டு, சொல்லிவிட்டு வருவதில்லை. ஒதுங்கி நின்றதில் முக்கால் மணி நேரம் போயிற்று. மழை விட்ட பிறகு, சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் முன் நின்றேன். 1972-ல் வைத்த சிலை, உயரம் 8.6 மீட்டர். முன்பு ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்ததாம். பாலம் வந்து மறைத்ததால் 2002-ல் இங்கே நகர்த்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம், மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல ஒரு ஹோட்டல். எல்லாம் அழகுதான். ஆனால், 'இதைப் பார்த்தீங்களா' என்று திரும்பிச் சொல்ல ஆளில்லை. அப்போதுதான் மணி பார்த்தேன். இரண்டே முக்கால்.

ராபிள்ஸ் பிளேஸில் ரயில் ஏறினேன். தானா மேராவில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும் என்று மகள் இரண்டு முறை எழுதியிருந்தாள். அந்தக் குழந்தையின் சிரிப்பை நினைத்துக்கொண்டே கோட்டைவிட்டேன். ரயில் நின்ற அடுத்த நிலையத்தின் பெயர் சிமேய். இணையம் இல்லாத போன், கையில் துண்டுச் சீட்டு, அதில் 'மாலை 4 மணிக்குள்'. உள்ளங்கை வியர்த்துவிட்டது. எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, ஒரு நிலையம் திரும்பி வந்து, சரியான ரயில் பிடித்து, சோதனையெல்லாம் முடித்து உள்ளே நுழைந்தபோது மணி 4.40.

இவர் நாற்காலியில் இல்லை. குடிநுழைவைத் தாண்டி வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

சாப்பிட வைத்துவிட்டு, கோயிலில் பார்த்த பையனைப் பற்றிச் சொன்னேன். 'குழந்தை பொறந்தப்போ மேல் மாடியில கான்கிரீட்' என்ற இடம் வந்ததும், கவளத்தை எடுத்த கை அப்படியே நின்றது.

"நானும் விழுப்புரத்துல பஸ்ஸை விட்டுட்டுத்தானே மறுநாள் வந்தேன்" என்றார்.

1989. அவருக்கு விழுப்புரத்தில் வேலை. எனக்கு வலி எடுத்துவிட்டதென்று தகவல் போய், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மகள் பிறந்து ஒரு பகல் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கஷ்டமான பிரசவம் அது. 'அன்னிக்கே நேரத்துக்கு வராத மனுஷன்தானே நீங்க' என்று, அதன் பிறகு எத்தனை சண்டையில் சொல்லிக்காட்டியிருப்பேன்! நான் மறந்து மறந்து சொன்னேன். அவர் மறக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காரும் அந்தப் பழக்கத்தை 'கூத்து' என்று ஊரெல்லாம் கேலி செய்திருக்கிறேன். அது எந்த பஸ்ஸில் தொடங்கியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இந்தத் தடவை முன்னாடியே போயிடுவோம்ங்க" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். தலையை ஆட்டினார்.

நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. மூன்றாம் முனையத்துக்குள்ளேயே ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வெளியே போகவும் வேண்டாம். "பத்தே நிமிஷம்" என்று அழைத்துப் போனேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவரின் சட்டைத் தோளில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அது பறந்துபோகும்வரை அவர் அசையவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பேத்தி பிறந்து இன்றைக்குப் பதினாறு நாள். பிரசவ அறை வாசலில் முதல் ஆளாக நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் திரும்பும்போது சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. நேற்று ராத்திரி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"அந்த மாரியம்மன் கோயில் நடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க? கொஞ்சம் முன்னாடியே போய் நின்னுடலாமா?"