பாதை வரும், ஏறுங்கோ

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் பலகை படித்துக்கொண்டு நிற்கிற தமிழ்நாட்டுக்காரனுக்கு முதல் புதிர் இலவசம். ‘ஊர்காவற்றுறை’ என்று எழுதிய பஸ் புறப்படத் தயாராக நிற்கும். நம் கண்ணுக்கு அது காவல்துறை. ஏதோ போலீஸ் குடியிருப்புக்குப் போகிற வண்டி. இலங்கையில் போலீசுக்குப் பெயர் பொலிஸ். ஆகவே ‘ஊர்காவற்றுறை பொலிஸ் நிலையம்’ என்று எழுதினால் அங்கே யாருக்கும் சிரிப்பு வராது. ஆங்கிலத்தில் அதே ஊர் கயிட்ஸ்.

என் அண்ணன் மகன் டொரன்டோவில் இருக்கிறான். அவனுக்கு ஜியோகேச்சிங் பைத்தியம். 2000 மே மாதம், ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த வழக்கத்தை அமெரிக்க அரசு கைவிட்டது. ஓரிரு நாளில் டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். போய் எடுத்துக்கொள், கையெழுத்துப் போடு, திரும்ப வை, விளையாட்டு அவ்வளவுதான். அதில் ‘மிஸ்டரி’ என்று ஒரு வகை உண்டு. வரைபடத்தில் காட்டியிருக்கும் புள்ளி பொய். சொல்லுக்குள் சொல்லை ஒளித்து, எழுத்தை எண்ணாக்கி, சிலேடை கட்டி வைத்திருப்பார்கள். அவிழ்த்தால்தான் உண்மையான புள்ளி கிடைக்கும். காளமேகப்புலவர் கையில் ஜி.பி.எஸ். கருவி கொடுத்த மாதிரி. “தமிழில் இப்படி ஒன்று போட முடியுமா, சித்தப்பா?” என்று அவன் கேட்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் விடுகதைக்கு நொடி என்று பெயர். நொடியோடுதான் பஸ் ஏறினேன்.

நகரத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறினால் இருபுறமும் கணுக்கால் ஆழக் கடல். இறால் பிடிக்கிறவர்கள் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டை 80 பாகைத் தீர்க்கரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. பாலத்தில் ஓரிடத்தில் கைப்பேசி 80 என்பதை விட்டு 79க்கு இறங்குகிறது. அதற்கப்புறம் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாமே 9 பாகை வடக்கு, 79 பாகை கிழக்கு. பழைய தமிழ் எண்களில் ஒன்பது ‘கூ’ போலவும் ஏழு ‘எ’ போலவும் இருக்கும். ஆக, இந்தத் தீவுகளின் முகவரி ‘கூ, எகூ’. யாரோ யாரையோ கூப்பிட, எதிரொலி வருகிற மாதிரி. இதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஊர்காவற்றுறையில் இறங்கியதும் பெயரைத் தோண்ட ஆரம்பித்தேன். 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இது ஊராத்துறை. சிங்கள அரசன் பராக்கிரமபாகு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்த இடங்களில் ஒன்றாக, இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. சிங்களத்தில் ஊராதொட்ட. ‘தொட்ட’ துறை, ‘ஊரா’ பன்றி. சூளவம்சத்தைப் பாலியில் எழுதிய பிக்கு சூகரதித்த என்றே மொழிபெயர்த்துவிட்டார், பன்றித்துறை. தமிழன் காதில் அது ஊர், காவல், துறை என்று விழுந்து, அந்தப்படியே எழுத்திலும் நிலைத்துவிட்டது. போர்த்துக்கீசர் வந்து யானைகளின் துறை என்ற பொருளில் காய்ஸ் தோஸ் எலெஃபாந்தெஸ் என்றார்கள், அதன் முதல் சொல்தான் கயிட்ஸ். ஒரே மண், நாலு மொழி, மூன்று விடை. ஒரு மொழி மட்டும் தெரிந்தவனுக்குக் கிடைப்பது பொய்ப் புள்ளிதான்.

இங்கிருந்து காரைநகர் கண்ணுக்கெதிரே, இடையில் சின்னக் கடல். எப்படிப் போவது என்று கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“தம்பி, பாதை இப்ப அந்தப் பக்கம் நிக்குது. கொஞ்சம் பொறுங்கோ, வரும்.”

“பாதை வருமா?”

“ஓம், வரும். வந்தால் ஏறுங்கோ.”

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதை என்றால் அங்கே மிதவைப் படகு. மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாவற்றையும் தட்டையான முதுகில் சுமந்துகொண்டு வருகிறது. வெளியூர்க்காரர் யாரும் லேசில் அவிழ்க்க முடியாத நொடி இது. கரையில் நின்று கேட்டால்தான் உண்டு.

பாதையில் போகும்போது கடல் நடுவே கோட்டை தெரிகிறது. ஊர் வழக்கில் கடற்கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹாமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கை வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்ததாம். கோட்டை அதன் குதிகால். பன்றித்துறைக்குப் பக்கத்தில் பன்றித்தொடை! ஒல்லாந்தருக்குச் சிங்களப் பெயரின் பொருள் தெரிந்து செய்த குறும்பு என்று நான் நினைக்கவில்லை. தற்செயல்தான். ஆனால் புதிர் போடுகிறவன் இப்படி ஒரு தற்செயல் கிடைத்தால் விடமாட்டான். இப்போது அங்கே கடற்படை விடுதி நடத்துகிறது.

ஒல்லாந்தர் அத்தோடு நிற்கவில்லை. காரைநகரை ஆம்ஸ்டர்டாம் ஆக்கினார்கள்; வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். ஊர் ஏக்கத்தில் வைத்த பெயர்கள் என்று முதலில் தோன்றும். 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆறு கிளைகளாக இயங்கியது: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்கௌசன். முதலீடும் கப்பலும் இந்த ஊர்களிலிருந்துதான் வந்தன. அதாவது கடலில் கம்பெனியின் அமைப்பையே வரைந்து வைத்திருக்கிறார்கள். லைடனும் ஹார்லெமும் மட்டும் அந்தப் பட்டியலில் சேராது. ‘பொருந்தாததை நீக்குக’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே, அதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. தீவுகளுக்கு வைத்த ஆறு பெயரில் இன்று புழக்கத்தில் இருப்பது டெல்ஃப்ட் ஒன்றுதான். அதுவும் ஆங்கிலத்தில் பேசும்போது.

புங்குடுதீவின் மேற்குக் கோடியில் குறிகட்டுவான் இறங்குதுறை. சிலர் குறிகாட்டுவான் என்றும் எழுதுகிறார்கள். ஒரு ‘ா’ கூடினால் குறியைக் கட்டுகிறவன் குறியைக் காட்டுகிறவன் ஆகிவிடுகிறான். படகுக்குக் காத்திருந்த நேரத்தில் வேறொரு வேலை பார்த்தேன். ஜியோகேச்சிங்கில் துப்புகளை ஆங்கில எழுத்து 26ஐப் பாதியாக்கி, பதின்மூன்று தள்ளி மாற்றி எழுதுவார்கள். அதே முறையில் திரும்பத் தள்ளினால் பழைய சொல் வந்துவிடும். தமிழில் உயிர் 12, மெய் 18. இரண்டும் இரட்டைப்படை. உயிரை ஆறும் மெய்யை ஒன்பதும் தள்ளினால் போதும். அச்சுப் பிசகாமல் வேலை செய்கிறது. ‘தீவு’ என்பது ‘ளொடோ’ ஆகிறது. ‘கல்’ என்பது ‘மெஞ்’. தொல்காப்பியர் இதற்காக எழுத்தை எண்ணி வைக்கவில்லை, ஆனாலும் நன்றி.

நயினாதீவுப் படகில் பாதிப் பேர் நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் தெற்கிலிருந்து வெள்ளை உடுத்தி நாகதீப விகாரைக்குப் போகிறவர்கள். படகு ஒன்று, போகிற தீவு ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. நாகதீபத்தில் நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகச் சண்டை போட, புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. மணிமேகலையிலும் மணிபல்லவத்தில் அதே ஆசனச் சண்டை வருகிறது. இரண்டு பக்கத்திலும் ஒரே துப்பு இருந்தால் புதிர்க்காரன் என்ன செய்வான்? மணிபல்லவமும் நாகதீபமும் இந்த நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒரு துப்பை வைத்து ஒரு தீவை முடிவு செய்வது கொஞ்சம் அவசரம்.

எனக்குப் பிடித்தது கதை இல்லை, கல். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த கட்டளை அது; அதை 1963இல் கா. இந்திரபாலா பதிப்பித்தார். கல் நயினாதீவில், பேச்செல்லாம் ஊராத்துறையைப் பற்றி. வெளிநாட்டு வணிகர் அங்கே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் சரிபாதி. அரசனுக்கு எதன்மேல் ஆசை என்பது அந்தக் காற்பங்கிலேயே தெரிகிறது. சிங்கள அரசன், ஆனால் கட்டளை தமிழில். படிக்க வேண்டியவன் யாரோ அவன் மொழியில் எழுத வேண்டும் என்று அரசனுக்குத் தெரிந்திருக்கிறது. என் அண்ணன் மகன் போடும் புதிர்களிலும் ஒரு பெட்டியில் இருப்பது அடுத்த பெட்டிக்கான துப்புதான். அந்தக் கல்லும் அடுத்த துறையைத்தான் கை காட்டுகிறது. அதில் சொன்ன யானை, போர்த்துக்கீசர் வைத்த பெயரில் ஒளிந்திருக்கிறது.

குதிரையைப் பார்க்க நெடுந்தீவு போனேன். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆட்டம் அதிகம். இந்தக் கடல்வழியில் ஓடிய குமுதினி படகில் 1985 மே 15 அன்று பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நினைவுத் தூண் இருக்கிறது. ஊரார் அதைப் பற்றித் தாங்களாகப் பேசுவதில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தீவுகளில் பெட்டி ஒளிக்கக் கூடாது என்று அண்ணன் மகனுக்கு அன்றே எழுதிவிட்டேன். கல்லிடுக்கில் செருகிய பொதியைப் பார்த்து ஒரு தலைமுறை நடுங்கிய இடம் இது. பெட்டியே இல்லாத வகையும் இந்த விளையாட்டில் உண்டு. நிலத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை சொன்னால் போதும். நெடுந்தீவுக்கு அது அளவெடுத்துத் தைத்தது. வீட்டு வேலியே முருகைக்கல். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். கல்லில் பவளப்பூச்சியின் வரி இன்னும் தெரிகிறது. அப்பால் வெட்டவெளியில் குதிரைகள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நடையோடு மேய்கின்றன. பிறகு அந்த மரம். ஆபிரிக்காவின் பாவோபாப், ஊரில் பெருக்கு மரம். அடியில் பொந்து, உள்ளே ஆட்கள் நிற்கலாம். மரத்தின் பெயரைக் கேட்டதுமே என் நொடி முடிந்துவிட்டது. அன்றிரவு டொரன்டோவுக்கு அனுப்பினேன்:

‘கூ என்று கூப்பிடு, எகூ என்று எதிரொலிக்கும். ஆறு ஊரில் ஒன்றுதான் இன்னும் பெயர் மாறவில்லை. அங்கே பெருக்கு. உள்ளே போய் நில்.’

ஒன்பதையும் எழுபத்தொன்பதையும் உடனே பிடித்துவிட்டான். டெல்ஃப்ட் வரை வந்துவிட்டான். அதற்கப்புறம் வந்த செய்தி இது:

“சித்தப்பா, பெருக்கினால் 711 வருது. அப்படி ஒரு பாகை உலகத்திலேயே இல்லை. அம்மாவிடம் கேட்டேன், பெருக்குன்னா கூட்டுறதுன்னு சொன்னாங்க. கூட்டியும் பார்த்துட்டேன், 88. அது கொல்கத்தா பக்கம் போகுதே!”