32 வயசுல பைக் கத்துக்கிட்ட கதை: ஒரு அரசு டாக்டரின் இழை

1/ "டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க, வண்டி ஓட்டத் தெரியாதா?"

இந்தக் கேள்வியை மாசத்துக்கு நாலு பேராவது கேட்டிருப்பாங்க. சிரிச்சு மழுப்பிடுவேன். உண்மைக் காரணத்தை யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன். முதல் பைக் வாங்கப் போறவங்க, இந்த வயசுல எப்படிக் கத்துக்கிறதுன்னு கூச்சப்படுறவங்க, உங்களுக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

2/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு நைட் டூட்டி. 19 வயசுப் பையன். பைக்ல இருந்து விழுந்துட்டான். நடந்துதான் உள்ள வந்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அம்மாக்கு மட்டும் சொல்லிடாதீங்க"ன்னு சிரிச்சான். ஒரு மணி நேரத்துல மயங்கினான். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தக்கசிவு. இடையில நல்லா பேசுவாங்க, அப்புறம் சட்டுனு சரிஞ்சிடுவாங்க. ஆபரேஷனுக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான்.

அவன் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல மாட்டியிருந்ததாம். கீறல்கூட இல்லாம அவங்க மாமா கையில இருந்தது.

அன்னிக்கு முடிவு பண்ணேன், இந்த ஜென்மத்துல பைக் தொட மாட்டேன்னு.

3/ அந்த முடிவு பல வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. பஸ், ஷேர் ஆட்டோ, யாராவது பின்னாடி சீட்.

அப்புறம் ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல போஸ்டிங். வாடகை வீடு 7 கிலோமீட்டர் தள்ளி. ராத்திரி பிரசவத்தை ஸ்டாஃப் நர்ஸ்தான் பார்ப்பாங்க, சிக்கல்னா டாக்டரைக் கூப்பிடுவாங்க.

ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு போன். "சார், குழந்தை பிறந்துடுச்சு, ரத்தப்போக்கு நிக்கல. 108-க்கு சொல்லிட்டோம், நீங்க வாங்க."

4/ வழக்கமா வர்ற ஆட்டோ அண்ணன் போன் எடுக்கல. பக்கத்து வீட்டுல கதவைத் தட்டி, அவர் எழுந்து, சாவி தேடி, என்னைக் கொண்டு வந்து விட 40 நிமிஷம்.

நான் போறதுக்குள்ள சிஸ்டரே கர்ப்பப்பையை மசாஜ் பண்ணி, ஆக்ஸிடோசின் போட்டு, ரெண்டு கையிலயும் டிரிப் ஏத்தி வச்சிருந்தாங்க. அந்த அம்மா பிழைச்சதுக்கு முழுக் காரணம் அந்த சிஸ்டர்தான். நான் ஆம்புலன்ஸ்ல கூடப் போனேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது 108 பைலட் அண்ணன் கேட்டார், "சார் கிட்ட வண்டி இல்லையா?" ஓட்டத் தெரியாதுண்ணேன்னு சொன்னேன். அவர் சிரிக்கல. "ஞாயித்துக்கிழமை காலைல ஸ்கூல் கிரவுண்டுக்கு வாங்க சார்"னு மட்டும் சொன்னார்.

5/ முதல்ல எந்த வண்டி?

எனக்கு ரொம்ப நாளா 350 சிசி புல்லட் மேல ஒரு கண்ணு. டாக்டர்னா கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா! பைலட் அண்ணன் ஒரே கேள்வி கேட்டார்: "வண்டி படுத்துட்டா தனியா தூக்குவீங்களா சார்?"

கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஸ்பிளெண்டர் மாதிரி 100 சிசி வண்டி சுமார் 112 கிலோ. புதுசா ஓட்டுறவங்க வண்டியைக் கீழ போடுறது பெரும்பாலும் நிக்கிறப்பவும் திரும்புறப்பவும்தான். அப்போ ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

6/ கடைக்குப் போனா மைலேஜ், கலர் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

• உட்கார்ந்தா ரெண்டு காலும் தரையில நல்லா ஊணணும். நுனி விரல் மட்டும் பட்டா அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு இல்ல. நான் 5 அடி 4 அங்குலம். 785 மில்லிமீட்டர் சீட் உயரம் எனக்குப் பொருந்திச்சு.

• இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வண்டியைப் பத்து அடி பின்னாடி தள்ளிப் பாருங்க. மூச்சு வாங்குதா? யோசிங்க.

• பிரேக். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காது. அதுக்குக் கீழ உள்ள வண்டிகள்ல குறைஞ்சது சிபிஎஸ் இருக்கும், அதாவது பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தா ஏபிஎஸ் எடுங்க.

7/ நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட், 2020 மாடல், 100 சிசி. எப்படியும் கீழ போடப் போறோம், கீறல் விழுந்தா மனசு வலிக்காத வண்டியா இருக்கட்டும்னு.

பழைய வண்டி வாங்குறவங்க ஆர்சி புக்ல இருக்கிற சேசிஸ் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, லோன் பாக்கி இருந்து பேங்க் பேர் ஆர்சியில நிக்குதான்னும் பாருங்க. படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்கி, பேர் மாத்துற வேலையை உடனே முடிச்சிடுங்க. "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா, அந்த வண்டியில ஏதாவது ஆனா அலையப் போறது ரெண்டு குடும்பம்.

8/ ஹெல்மெட்டை வண்டியோட சேர்த்து ஓசியில கிடைக்கிற பொருளா நினைக்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151 நம்பர் இருக்கணும். தாடையையும் மூடுற முழு ஹெல்மெட் நல்லது. மாட்டிட்டுத் தலையை ஆட்டினா, கன்னத்துத் தோலும் சேர்ந்து அசையணும். பட்டையைக் கட்டாம போட்டா, விழும்போது உங்களுக்கு முன்னாடி அது ரோட்டுல உருளும்.

2008-ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்றது இது: ஹெல்மெட் போட்டா விபத்துல சாகுற வாய்ப்பு சுமார் 42 சதவீதம் குறையுது, தலைக்காயம் சுமார் 69 சதவீதம் குறையுது. எங்க கையில இருக்கிற எந்த மருந்துக்கும் சளைச்சது இல்ல. ஒரு தடவை பலமா அடி வாங்கின ஹெல்மெட்டை மாத்திடுங்க. வெளியில நல்லா தெரிஞ்சாலும் உள்ள இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

9/ ஞாயித்துக்கிழமை. எல்எல்ஆர் எடுத்தாச்சு (6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம்). எல் போர்டு ஒட்டியாச்சு. கிரவுண்டுல கிரிக்கெட் ஆடுற பசங்க மொத்தமும் வேடிக்கை.

அண்ணன் முதல் நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடல. கிளட்ச் மட்டும். மெதுவா விட, எந்த இடத்துல வண்டி இழுக்க ஆரம்பிக்குதோ அங்க நிறுத்தி, மறுபடி பிடி. நூறு தடவை. ரெண்டாவது நாள் நடக்கிற வேகத்துல நேர்கோடு. மூணாவது நாள் எட்டு.

எட்டு போடும்போது நான் முன் சக்கரத்தையே பார்த்துட்டு இருந்தேன். "எங்க பாக்குறீங்களோ வண்டி அங்கதான் சார் போகும். கல்லைப் பாத்தா கல்லுல ஏறும். போக வேண்டிய வழியைப் பாருங்க." கழுத்தைத் திருப்பினேன். எட்டு வந்துடுச்சு.

10/ ரெண்டாவது வாரம் விழுந்தேன். வேகம் 15 இருக்கும். திரும்புற இடத்துல மணல். ஒரு கோழி குறுக்க ஓடிச்சு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கை அழுத்திட்டேன். எப்படி விழுந்தேன்னே தெரியல.

உள்ளங்கையிலயும் முட்டியிலயும் சிராய்ப்பு. கோழிக்கு ஒண்ணும் இல்ல. எங்க சிஸ்டர் காயத்தைக் கழுவி டிடி ஊசி போட்டுட்டு, "சார், மூணு நாள் தண்ணி படாம பாத்துக்கோங்க"ன்னு என் குரல்லயே சொன்னாங்க. மொத்த ஓபியும் சிரிச்சுது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கண்ணை மூடினா அந்த 19 வயசுப் பையன். காலைல அண்ணனுக்கு போன் பண்ணி, "எனக்கு இது வேணாம்ணே"ன்னேன். "சரி சார், வேணாம். ஆனா இன்னிக்கு ஒருநாள் வாங்க, பிரேக் மட்டும் பிடிப்போம்"னார்.

11/ அந்த ஒரு நாள்தான் என்னை மாத்திச்சு. 20-ல போய் நிறுத்து, அப்புறம் 30, அப்புறம் 40. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியா அழுத்தி, வண்டி நேரா இருக்கும்போது. எங்க நிக்குதுன்னு செங்கல் வச்சுக் குறிச்சோம். 20-ல நின்ன தூரத்துக்கும் 40-ல நின்ன தூரத்துக்கும் வித்தியாசம் ரெண்டு மடங்கு இல்ல மக்களே, நாலு மடங்கு! இயற்பியல் புத்தகத்துல படிச்சது அன்னிக்குத்தான் செங்கல்ல புரிஞ்சுது. இதுல நாம சுதாரிக்கிற ஒரு செகண்டைச் சேர்க்கல. 40-ல போனா அந்த ஒரு செகண்டுக்குள்ள வண்டி 11 மீட்டர் தாண்டிடும்.

அதுவரைக்கும் பயம் மட்டும்தான் இருந்தது. அன்னிக்குத்தான் எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுது.

12/ அப்புறம் ஒவ்வொரு படியா: விடிகாலை காலி ரோடு ரெண்டு வாரம். சந்தை இல்லாத நாள்ல ஊருக்குள்ள. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு தனியா ராத்திரி. பின்னாடி ஆள் ஏத்தினது நாலாவது மாசம்தான். பின் சீட்ல ஆள் உட்கார்ந்தா திருப்பமும் பிரேக்கும் வேற மாதிரி ஆயிடும். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் உண்டு, மறந்துடாதீங்க. புடவை முந்தானை, துப்பட்டா சக்கரத்துல சிக்காம சொருகிக்கோங்க. சைலன்சர்ல கால் சுட்டுட்டா 20 நிமிஷம் ஓடுற தண்ணியில காட்டுங்க. பேஸ்ட், பேனா மை எல்லாம் வேண்டாம், ப்ளீஸ். முதல் மழை பெய்யும்போது ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும், ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க.

13/ ஆறு மாசம் கழிச்சு, மறுபடி ராத்திரி போன். அதே மாதிரி ஒரு பிரசவம். பதட்டத்துல முறுக்கணும்னு கை துடிச்சுது. ஹெல்மெட் பட்டையைக் கட்டுறப்போ நடுங்கின கை, கட்டி முடிச்சதும் நின்னுடுச்சு. வழியெல்லாம் 35-க்கு மேல போகல. போய்ச் சேர 14 நிமிஷம். அந்தத் தாயும் குழந்தையும் நல்லா இருந்தாங்க.

வாசல்ல பைலட் அண்ணன் நின்னுட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லல. என் வண்டியோட சைடு ஸ்டாண்டு சரியா போட்டிருக்கான்னு மட்டும் குனிஞ்சு பார்த்தார்.

14/ இப்போ தாலுகா ஜி.எச். கேஷுவால்டில இருக்கேன். அதே வண்டியிலதான் டூட்டிக்கு வர்றேன். புல்லட் ஆசை இன்னும் இருக்கு, அவசரம் இல்ல.

உங்க வீட்டுல யாராவது புதுசா வண்டி கத்துக்கிறாங்களா? இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. வயசாயிடுச்சேன்னு கூச்சப்படுறவங்க, ஒரு கிரவுண்டு, ஒரு பொறுமையான ஆள், நாலஞ்சு செங்கல். இது போதும்.

ஹெல்மெட்டை மட்டும் டேங்க் மேல மாட்டாதீங்க.

சந்தேகம் இருந்தா கேளுங்க, டூட்டி முடிச்சிட்டு பதில் சொல்றேன்.