கொடைக்கானலில் கண்ட முள் ஓணான்

கொடைக்கானலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் ஏரியைப் பற்றியும் படகைப் பற்றியும்தான் சொல்வார்கள். நான் ஓர் ஓணானைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள்!

போன மே மாதம் நான், இவர், எங்கள் ஏழு வயதுப் பையன், பெரிய நாத்தனார் ஆக நாலு பேரும் கிளம்பினோம். நாத்தனார் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் முறை வந்திருப்பதால், அதை இவர் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டார். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏற ஏறக் காது அடைத்தது. பையனுக்கு வயிற்றைப் புரட்டுமே என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்திருந்தேன். முகர்ந்துகொண்டே சமர்த்தாக வந்துவிட்டான். வெள்ளி அருவியில் இறங்கினதும் பல் கிட்டிவிட்டது. மே மாதம்தானே என்று ஸ்வெட்டர்களைப் பெட்டியின் அடியில் வைத்தது என் தப்பு. 7,000 அடி உயரம் என்றால் சும்மாவா?

மறுநாள் காலை, தங்கின வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தோம். பையன் திடீரென்று குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினான்.

"அம்மா, ஓணான்! அடிக்கட்டுமா?"

வேலிச் செடியில், பச்சையும் பழுப்புமாக, பாசி பிடித்த குச்சி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிடரியில் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை. உடம்பெல்லாம் சொரசொரவென்று பெரிய பெரிய செதில்கள்.

"கல்லைக் கீழே போடுடா!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டே போனான். 'ஓர் ஓணானுக்காகவா இப்படி அதட்ட வேண்டும்?' என்று எனக்கும் சுருக்கென்றது.

அவர் பையனை மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டார். "இது நம்ம ஊர் வேலி ஓணான் இல்லைடா கண்ணா. ஆனைமலை முள் ஓணான். ஆனைமலை, பழனி மலை, மூணாறுப் பக்கத்து உசரமான மலைகள், இவ்வளவுதான் இதுக்கு உலகம். கர்னல் பெடோம்னு ஒரு வனத்துறை அதிகாரி 1878-ல் இதைப் பத்தி எழுதி வெச்சார். ஓணானுக்கு நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயில் பட்டாத்தான் சுறுசுறுப்பு வரும். காலைக் குளிரில் ஓடக்கூட முடியாத ஜீவனைப் போய் அடிக்கலாமா?"

"அப்போ முள் எதுக்கு அத்தை?"

கேட்க வேண்டுமா! பிளாஸ்க் காலியாகும் வரை கதைதான். பாலைவனத்தில் ஒளிய மரமில்லை, புதரில்லை. அதனால் அங்கே இருக்கிற ஓணான்களுக்கு உடம்புதான் கோட்டையாம். ராஜஸ்தானத்தின் தார் பாலைவனத்தில் முள்வால் ஓணான் ஒன்று உண்டு. செடி கொடி தின்கிற சாது. யாராவது துரத்தினால் வளைக்குள் புகுந்து, முள் நிறைந்த வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும். கிட்டே வந்தால் வாலாலேயே ஓர் அடி! ஆஸ்திரேலியாவில் ஒன்றுக்கு உடம்பு முழுக்க முள். பிடரியில் பொய்த்தலை போல ஒரு மேடு. ஆபத்து வந்தால் நிஜத் தலையை முன்னங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டு பொய்த்தலையைக் காட்டும். செதில்களின் இடுக்கு வழியாகவே பனி ஈரம் வாய்க்குப் போய்ச் சேருமாம். தென்னாப்பிரிக்காவில் இன்னொன்று தன் வாலைத் தானே கவ்வி வளையல் மாதிரி சுருண்டுகொள்ளும்.

எல்லாவற்றையும் விட அமெரிக்கக் கொம்பு ஓணான்தான் எங்களைத் திகைக்க வைத்தது. நரியோ நாயோ கவ்வ வந்தால், கண்ணோரத்திலிருந்து ரத்தத்தைப் பீச்சி அடிக்குமாம்! நாலு அடி தூரம் கூடப் போகுமாம். அந்த ரத்தம் நரிக்கும் நாய்க்கும் வாயில் வைக்கவே சகிக்காதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் ஓணான் எட்ட இருந்தே ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று தொப்புளை மூடிக்கொண்டு ஓடினவள் நான். கூடல் காலத்தில் நம் ஊர் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்து போவதைப் பார்த்துக் கட்டின கதை அது. நிஜத்தில் ரத்தம் சிந்துவது ஓணான்தான்!

"பாம்பு, பருந்து, நரி எல்லாத்துக்கும் அதுங்க வழி வெச்சிருக்கு. மனுஷனுக்குத்தான் வழியில்லை" என்றார் நாத்தனார். தார் ஓணானை வளையோடு தோண்டி எடுத்து, கொழுப்பை உருக்கி, மூட்டு வலித் தைலம் என்று விற்கிறார்களாம். அதனால் வலி தீரும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். அப்படி யாராவது தைலம் விற்க வந்தால் வாங்காதீர்கள், சகோதரிகளே!

"சரி, நீ ஏன்டா கல்லெடுத்தே?" என்று கேட்டார்.

"அம்மாதான் சொன்னா. ராமருக்குத் தாகமா இருந்தப்போ அணில் இளநீர் கொடுத்துதாம். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்துதாம். அதனால அதை அடிக்கலாமாம்."

என் முகத்தில் ஈயாடவில்லை. சாதம் ஊட்டும்போது நான் சொன்ன கதைதான். என் பாட்டி எனக்குச் சொன்னது. வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. குழந்தை வாய் திறக்க வேண்டுமே என்று சொன்ன கதை, அவன் கையில் கல்லாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அன்று மத்தியானம் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1895-ல் பாதிரிமார்கள் தொடங்கியது. சாயங்காலம் சோலை ஓரமாக நடந்தோம். மலை மடிப்புகளில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் குட்டை மரக் காடுகளைத்தான் சோலை என்கிறார்கள். சுற்றியிருந்த புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டு, அந்தப் புல்வெளி பெரும்பாலும் போய்விட்டது. 2013-ல் இந்த மலைக் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அங்கேயும் கிளையில் ஒரு முள் ஓணான்! பையன் கிட்டே போனதும், மெல்ல நகர்ந்து கிளையின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அவன் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

ஊர் திரும்பின மறுநாள், தெருப் பிள்ளைகள் எங்கள் வேலியருகே கல்லோடு கூடினார்கள். "அடிக்காதீங்கடா, அதுக்குக் குளிருது!" என்று கத்தினான் என் பிள்ளை. மே மாத வெயிலில்! நான் திருத்தவில்லை.

ராத்திரி சாதம் ஊட்டும்போது, "அம்மா, ஓணான் கதை சொல்லு" என்றான். கண்ணிலிருந்து ரத்தம் பீச்சுகிற ஓணான் கதையைச் சொன்னேன். இரண்டு கவளம் கூடவே இறங்கியது.