திருக்கோவிலில் வாங்கிய அகப்பை

ஆடிப்பிறப்புக்கு முதல்நாள், கீழ்வகுப்பு மாணவர்க்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். பிள்ளைகள் இனிமையாகப் பாடினர். கூழ் காய்ச்சும் தாயும், பலாவிலை பொறுக்க ஓடும் சிறுவரும், கூழை முகந்து ஊற்றும் அகப்பையும் அவர்கள் நாவிலே தாளத்துடன் வந்து போயினர். பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், அகப்பை என்றால் என்ன?" என்று கேட்டான்.

"கரண்டி" என்றோம். அவன் தலையை அசைத்து உட்கார்ந்தான். எனினும் எமக்கு மனம் ஒப்பவில்லை. அகப்பையைக் கண்டவர் கை உயர்த்துங்கள் என்றோம். நாற்பது பேருள் மூவரே உயர்த்தினர். அம்மூவரும் தத்தம் பாட்டிமார் வீட்டிற் கண்டவர்களாம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழியைப் பரீட்சைத் தாளில் எழுதி இவர்கள் அனைவரும் புள்ளி பெற்றவர்கள்! அவர்களைக் குறை சொல்லி ஆவதென்ன? அன்று மாலை எமது சமையலறையைத் தேடிப் பார்த்தபோது, அங்கும் எவர்சில்வர்க் கரண்டிகளே தொங்கின. குறும்பு செய்த காலத்தில் அகப்பைக் காம்பின் சுவையை எமது முதுகு நன்கு அறிந்திருந்தது. அக்காம்பு எப்போது வீட்டை விட்டு மறைந்தது என்பதை மட்டும் நாம் அறியவில்லை.

ஆடி அமாவாசை அண்மித்தது. தந்தையார் மறைந்த பின்னர் ஆண்டுதோறும் அந்நாளில் திருக்கோவிலுக்குச் சென்று கடலாடி, பிதிர்க்கடன் செலுத்துவது எமது வழக்கம். இம்முறை ஓர் அகப்பையும் வாங்கி வருவதென்று தீர்மானித்துக் கொண்டு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டோம்.

மட்டக்களப்பின் தெற்கே செல்லும் கரையோர வீதி, வேறெங்கும் காணற்கரிய ஒரு வீதி. காத்தான்குடியைக் கடந்தால் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடியும் கல்லாறும் கழிந்தால் கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை, அடுத்துத் தீமிதிப்பு விழாவுக்குப் புகழ்பெற்ற திரௌபதை அம்மன் கோவிலையுடைய பாண்டிருப்பு, அதன்பின் கல்முனை. பள்ளிவாசலின் பாங்கோசையும் கோவில் மணியோசையும் மாறி மாறிக் கேட்கும். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழே. தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இக்கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது.

இவ்வாறெல்லாம் சொல்வது எளிது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில், அடுத்த ஊருக்குள் கால் வைக்க இரு சாராரும் அஞ்சிய காலமும் இவ்வீதிக்கு இருந்தது. கல்முனையில் உள்ள எமது நண்பரை நாம் முதன்முதற் சந்தித்தது கல்முனையில் அன்று. மலைநாட்டிலே, பேராதனைப் பல்கலைக்கழக விடுதியிலே. ஒரே வீதியில் பிறந்த இருவர் அறிமுகமாவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

அமாவாசைக்கு முதல்நாள் மாலை அந்நண்பர் வீட்டில் தங்குவதும் எமது வழக்கமாகிவிட்டது. அவரும் ஆசிரியர். அவருடைய தாயாரை நாமும் "உம்மா" என்றே அழைப்போம். எண்பது வயதைக் கடந்த அம்மூதாட்டி, அன்றிரவு சோறும் மரக்கறியும் சமைப்பித்து, தாமே அருகிருந்து பரிமாறினார். அவர் கையில் இருந்தது ஒரு சிரட்டை அகப்பை!

"உம்மா, இது எங்கே கிடைத்தது?" என்று வியப்போடு கேட்டோம்.

"இந்த ஆப்பையா மகன்? திருக்கோவில் தீர்த்தக் கடையிலதான் வாங்கிவிச்சன். மீன் படாத ஆப்பை இது. சட்டியும் அப்படித்தான். நீங்க வாற நாளைக்கெண்டு வேறாக வெச்சிருக்கன்."

எமக்கு உணவு இறங்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக அந்த அகப்பையாற் பரிமாறப்பட்டு உண்டிருக்கிறோம்! ஒருநாளேனும் அதனைக் கண்ணெடுத்துப் பார்த்தோமல்லேம். எமது விரதத்துக்காக ஒரு முஸ்லிம் இல்லத்து அடுப்படியில் ஒரு சட்டியும் ஓர் அகப்பையும் ஆண்டு முழுவதும் காத்திருந்தன என்பது அன்றே தெரிந்தது.

உணவுக்குப் பின் முற்றத்தில் அமர்ந்து நண்பரும் நாமும் அச்சொல்லைப் பற்றியே பேசினோம். அகப்பை என்பதும் பேச்சில் வழங்கும் ஆப்பை என்பதும் ஒன்றே. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இச்சொல்லுக்கு உறவுகள் உண்டு. சுவருக்குச் சாந்து பூசுவோர் தம் கருவியைச் சாந்தகப்பை என்பர். பந்தியில் பாரபட்சம் காட்டுவதைக் குறிக்கவும் தமிழர் அகப்பையையே நாடினர். அகப்பை பிடித்தவன் தன்னவனானால், அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன? வட இந்தியாவிலோ, கரண்டியின் பெயராகிய "சம்சா" என்பது, பெரியவர்களை அண்டிப் பிழைக்கும் முகத்துதிக்காரனுக்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலேயர், செல்வக் குடியிற் பிறந்தவனை வெள்ளிக் கரண்டியை வாயில் வைத்துப் பிறந்தவன் என்பர். ஜெர்மானியர் கரண்டியை "லொஃபெல்" என்பர். அதே சொல்லால் முயலின் நீண்ட காதுகளையும் குறிப்பர்.

பெயர்களின் பிறப்பை ஆராய்ந்தால் இன்னும் சுவை. ஆங்கிலத்து "ஸ்பூன்" என்பதற்குப் பழம்பொருள் மரச்சிராய். இலத்தீனியர் கரண்டியை நத்தையோட்டின் பெயரால் அழைத்தனர். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் சொற்களும், மட்டக்களப்புப் பறங்கியரின் முன்னோர் கொண்டுவந்த போர்த்துக்கேயச் சொல்லாகிய "கொல்யெர்" என்பதும் அவ்வழி வந்தவையே. நண்பர் அரபு அறிந்தவர். அரபியில் "மில்அகா" என்ற சொல், நக்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது என்றார். மரம் கிடைத்த இடத்தில் மரத்தாலும், ஓடு கிடைத்த இடத்தில் ஓட்டாலும் மனிதன் கரண்டி செய்தான். தென்னை செழித்த எமது தீவிலே சிரட்டை கிடைத்தது. சிங்கள மக்கள் பொதுவாகக் கரண்டியை "ஹெந்த" என்பர். சிரட்டையால் ஆகியதற்குக் "கிணிஸ்ஸ" என்று தனிப்பெயர் வைத்துள்ளனர்.

எமது மேசைக்கரண்டியும் தேக்கரண்டியும் என்ன சொல்கின்றன? மேசை என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். தே என்பது சீனத்தின் தென்கரையில் வழங்கும் சொல். கடல் வணிகத்தோடு ஐரோப்பா சென்று, அங்கிருந்து எமது வாய்க்கு வந்தது. ஒரு சிறு கரண்டியின் பெயருக்குள் எத்தனை துறைமுகங்கள்!

பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்த நண்பரின் மகள், மருந்தகத்திற் பணிபுரிபவள், இடையிலே சிரித்தாள். "மாமா, நீங்கள் சொற்சுவை பார்க்கிறீர்கள். எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. 'ஒரு கரண்டி கொடுங்கள்' என்று மொட்டையாகச் சொன்னால், பிள்ளைக்கு மூன்று மடங்கு மருந்து போய்விடும்" என்றாள். நாம் நாணினோம். எமது மகளுக்கு இருமல் வந்தபோது, அதே தவற்றை நாமே ஓரிரவு செய்து, விடியும் வரை அவள் மூச்சை எண்ணிக் கொண்டிருந்தோம். நல்லூழாய்த் தீங்கு நேரவில்லை. கரண்டி என்றால் எந்தக் கரண்டி என்று கேட்கத் தெரிந்திருப்பதும் ஒரு கல்வியே. வகுப்பிலே அச்சிறுவன் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

மறுநாள் விடியுமுன் பஸ் ஏறினோம். சாய்ந்தமருது கழிந்ததும் காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். வழக்கொழிந்து போன யாழைப் பற்றிப் பழந்தமிழ் நூல்களில் எஞ்சியிருந்த சொற்களைக் கொண்டே அதன் அமைப்பையும் இசையையும் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தவர் அவர். பெயர் இருந்தது, பொருள் இல்லை. அதனை மீட்க ஓர் அறிஞர் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட வேண்டியதாயிற்று. அகப்பைக்கும் அக்கதி வருமோ என்ற எண்ணம், அவ்வூரைக் கடக்கையில் எம்மை வருத்தியது. யாழ் அரசவைகளில் இருந்தது. அதைத் தேட ஒருவர் வந்தார். அடுப்படியில் இருந்ததைத் தேட யார் வருவார்?

நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கண்ணகை அம்மன் குடிகொண்ட தம்பிலுவில் ஆகிய ஊர்களைக் கடந்து திருக்கோவிலை அடைந்தபோது கடலின்மேல் வெளிச்சம் பரவியிருந்தது. இங்கே முருகப் பெருமான் சித்திர வேலாயுத சுவாமியாக எழுந்தருளியிருக்கிறார். கோவிலுக்கு மிக அருகிலே கடல். கதிர்காமத்துக்குக் கரைவழியாக நடந்து செல்லும் அடியார்கள் தங்கிச் செல்லும் தலம் இது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையெங்கும் உயிர்களை வாரிச் சென்றது. ஆகவே, தந்தைக்காக மட்டுமன்றி அக்கடல் கொண்ட பிள்ளைகளுக்காகவும் நீரிறைப்போரை இத்தீர்த்தத்திற் காணலாம். நாமும் தந்தையாரை நினைந்து மூழ்கி எழுந்தோம்.

கோவிலில் அந்தணர் அக்கினியிலே நெய் சொரிவதைக் கண்டோம். அவர் கையில் இருந்த மரக்கரண்டியின் பெயர் நெய்த்துடுப்பு. வெளியே, மணலில் ஏற்றியிருந்த தோணியின் அருகே கிடந்ததும் துடுப்பு. தமிழிலே துடுப்பு என்பது நீரைத் தள்ளுவதற்கும் பெயர். அடுப்பில் துழாவுவதற்கும் பெயர். ஒரே சொல்லின் இரு பொருள்களும் நூறு அடி இடைவெளியில் எமக்குக் காட்சி தந்தன.

கடைத்தெருவின் கடைசியில், பாய் விரித்து ஒரு மூதாட்டி அகப்பைகளை அடுக்கியிருந்தார். "பெத்தா, ஒன்று வேண்டும்" என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"சமைக்கவோ தம்பி, காட்டவோ?"

எமக்கு வாயடைத்தது. "அறுகம்பைக்கு வாற வெள்ளக்காரர் சுவரில கொழுவத்தான் வாங்குறாங்க. அதுக்கு மெல்லிய காம்பு போதும்" என்று விளக்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று மெல்லச் சொன்னோம். அவர் ஒன்றைத் தெரிந்தெடுத்து நீட்டினார். கண்ணில்லாத பாதிச் சிரட்டை; உள்ளும் புறமும் வழவழவென்று சுரண்டப்பட்டிருந்தது. விளிம்பின் அருகே எதிரெதிராக இரண்டு துளைகள். அவ்விரண்டினூடும் காம்பு இறுகப் புகுந்திருந்தது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை.

"காட்டினாப் போதாது தம்பி. முதல்ல கஞ்சியில போட்டுத் துழாவுங்க. அப்பதான் அது அகப்பை" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவ்வுரை காதில் ஒலித்தது. நாலடியார் பாடிய சமண முனிவர், நல்லுரையை இகழும் அறிவிலியைப் பாற்கூழில் கிடந்தும் அதன் சுவையறியாத அகப்பைக்கு ஒப்பிட்டார். அவர் ஆண்ட சொல் மூழை. பௌத்தரின் பாலி நூலாகிய தம்மபதமும், அறிஞனோடு வாழ்நாளெல்லாம் பழகியும் அறம் உணராத மூடனை அவ்வாறே சொல்லுகிறது. சிவவாக்கியரும் வெறும் சடங்கைச் சாடுகையில் அதே உவமையை எடுத்தார். மூன்று சமயத்தாரும் ஓர் அகப்பையையே கையில் எடுத்தனர். மூவரும் அதனால் அடித்தது எம்போன்றோரைத்தான். இருபது ஆண்டுகளாகப் பழமொழியை மாணவர்க்கு முகந்து ஊற்றிய நாம், அதன் சுவையை அறிந்தோமா?

அடுத்த திங்கட்கிழமை, வகுப்பின் பின்புறம் மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். அகப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிள்ளைகள் துழாவினர். பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்தி ஏந்திக் கொண்டனர். கேள்வி கேட்ட சிறுவனே முதலில் முகந்து வார்த்தான். கஞ்சி சற்றுக் கரிந்து போயிற்று. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

அகப்பை இப்போது எமது சமையலறையில் தொங்குகிறது. வரும் ஆடியில் உம்மாவிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்ட எண்ணியுள்ளோம். காம்பு கறுத்திருக்கிறதா என்றுதான் அவர் முதலிற் பார்ப்பார். கறுத்துத்தான் இருக்கிறது.